இடக்கைக் கத்தி

பல் வைத்தியர் சபாரத்தினத்தின் வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணி மட்டும் மிச்சமிருந்தது. போன சனிக்கிழமை வரை அந்த ஆணியில் தொங்கியதாகச் சொல்லப்படும் படத்தைப் பற்றி அவர் தேநீர் ஆறிப்போகும்வரை கதைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கல்லச்சுப் படம். ஓர் ஓபராவின் கடைசிக் காட்சி. காதலன் கைவிட்ட ராணி கத்தியை ஓங்கியபடி நிற்கிறாள். பின்னால் திரைச்சீலை, காலடியில் உருண்டு கிடக்கும் கிரீடம். 'ஓபரா' என்ற சொல்லை அவர் மூக்கால் சொன்னார். பிரெஞ்சுக்காரருக்கு அப்படித்தான் மரியாதை செய்ய வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

நிரோஜினி குறுக்கே பேசவில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு மட்டுமே காலமெல்லாம் கதைத்துப் பழகிய மனிதர் அவர். பதில் என்று ஒன்று வரக்கூடும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

டேனிஷ் நகரமான விபோர்க்கில் துப்பறியும் நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால், நிரோஜினி ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவள். காணாமற்போன சைக்கிள்கள், தானாகத் தீப்பிடித்த சமையலறைகள், மழையில் கரைந்த நகைகள் எல்லாவற்றையும் விசாரித்தவள். பொருளை உண்மையாகவே பறிகொடுத்தவன் அது எங்கே என்று கேட்பான், பொய்க்காரன் அது எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லுவான் என்பது அந்த வேலையில் அவள் கண்டது. வைத்தியர் இதுவரை ஒருதரம்கூட எங்கே என்று கேட்கவில்லை.

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ, டொக்டர்?"

"எங்கட சனத்தைப் பொலிசிட்டக் குடுக்க எனக்கு மனம் வராது, பிள்ளை."

"காப்புறுதிக்கு?"

கலைக்கு விலை போட முடியாது என்று அவர் சொன்னார்.

"பல்லுக்குத்தான் போடலாம் போல," என்றான் கிருஷாந்த், வாய் நிறைய ரோல்ஸோடு. வாடகைக்கார் ஓட்டுபவன். கார் ஓடாத நேரங்களில் நிரோஜினிக்கு உதவியாளன். அவன் வாய் ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது.

பொலிசுக்குச் சொல்ல மனம் வராத வைத்தியருக்கு மற்ற எல்லாருக்கும் சொல்ல மனம் வந்திருந்தது. கோயில் நிர்வாக சபைக்குச் சொன்னார். தன் கதிரையில் வந்து படுத்த தமிழர்களுக்கெல்லாம், அவர்கள் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருந்தபோது, சொன்னார். சனிக்கிழமைகளில் வந்து வீடு துடைக்கும் புஷ்பராணிதான் எடுத்திருப்பாள் என்று சொன்னார். பிறகு சமூக அக்கறையோடு, புஷ்பராணி கிழமை நாட்களில் வேலை செய்யும் முதியோர் பராமரிப்புப் பிரிவின் லீடருக்கும் தொலைபேசியில் சொன்னார்.

புஷ்பராணியின் வேலையே வயோதிபர் வீடுகளின் சாவியை வைத்திருப்பதுதான். காலையில் கதவைத் திறந்து போய், எழுப்பி, குளிக்க வார்த்து, மருந்து கொடுத்துவிட்டு வருவாள். லீடர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சாவிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவளைத் துவாய் மடிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். வழக்கு என்று ஒன்று இருந்தால் குற்றமில்லை என்று நிரூபிக்கலாம். கதையை என்ன செய்வது? அதனால்தான் அவள் நிரோஜினியிடம் வந்தாள். இப்போதும் அவள் வெளியே கிருஷாந்தின் காரில்தான் இருந்தாள். இந்த வீட்டுப் படியில் இனிமேல் தானாகக் கால் வைப்பதில்லை என்றிருந்தாள்.

வைத்தியர் கடைசியாகத் தன் பெரிய துயரத்துக்கு வந்தார். ரண்டர்ஸில் பழைய தாள்களையும் படங்களையும் பழுதுபார்க்கும் பிர்கிட்டே என்ற பெண்ணை, படத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்திருந்தாராம். கோயில் சபையார், மருத்துவ நண்பர்கள் என்று ஊரே வரவிருந்ததாம். எல்லாரும் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"ஆணி நல்ல ஆணிதானே," என்றான் கிருஷாந்த்.

அவன் கையில் எண்ணெய்க் கடதாசி இருந்தது. எதற்குள் போடுவது என்று வைத்தியரின் மனைவி தங்கமலரிடம் கேட்டான். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த தங்கமலரின் முகத்தில் முதல் தடவையாக உணர்ச்சி தெரிந்தது. அது பயம். பார்த்துப் போடும்படி சொன்னாள். அவர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் குப்பைத் தொட்டிகளைத் திறந்து, தரம் பிரித்துப் போட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பாராம். புஷ்பராணி ஒருதரம் தயிர்க் கோப்பையைக் கடதாசியோடு போட்டதற்கு அரை நாள் பிரசங்கம் நடந்ததாம்.

கிருஷாந்த் வெளியே போய், வேண்டிய நேரத்துக்கு மேல் அங்கே நின்றான். பிறகு யன்னலால் நிரோஜினிக்குக் கை காட்டினான்.

வீட்டின் பக்கவாட்டில் கொம்யூன் என்கிற நகரசபை கொடுத்த தொட்டிகள் அணிவகுப்புக்கு நிற்பதைப் போல நின்றன. உலோகத்துக்கான மூடியை அவன் திறந்து பிடித்திருந்தான். கழுவித் துடைத்த மீன் டின்களின் மேல், ஒரு மெல்லிய கம்பி அழகாகச் சுருட்டி முடிச்சிட்டுக் கிடந்தது. படங்களை ஆணியில் மாட்டும் கம்பி. கூடவே இரண்டு வளையத் திருகாணிகளும், சட்டத்தின் பின்புறத்து அட்டையைப் பிடித்திருக்கும் சின்ன ஆணிகள் ஒரு பிடியும்.

"அக்கா, படத்தைக் களவெடுத்தவன், கம்பியைக் கழட்டி, சுருட்டி, உலோகத்துக்க போட்டிட்டுப் போயிருக்கிறான். பொலிசுக்குப் பயமில்லை. கொம்யூனுக்குப் பயம்."

நிரோஜினி பக்கத்துத் தொட்டியைத் திறந்தாள். போத்தல்கள் மட்டும்தான். சட்டத்தின் முன்னால் இருந்திருக்க வேண்டிய கண்ணாடி இல்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"கண்ணாடி ஏன் இல்லையெண்டு தெரியுமோ? போத்தல் கண்ணாடியோட தட்டைக் கண்ணாடி போடக்கூடாது. அதைக் கழிவு வளவுக்குத்தான் கொண்டுபோக வேணும். அது தெரிஞ்ச ஆள் செய்த வேலை."

இந்த வீட்டில் அது தெரிந்த ஆள் ஒருவர்தான். உள்ளே போய் அதைச் சொல்லலாமா என்று கிருஷாந்த் கேட்டான். கம்பியை வைத்துக்கொண்டு சொன்னால் கம்பிக்கும் ஒரு பிரசங்கம் செய்வார், படத்தோடு வருவோம் என்றாள் நிரோஜினி.

காரில் புஷ்பராணி பின்னிருக்கையில், கைகளை மடியில் கோத்தபடி இருந்தாள். நிரோஜினி கம்பியைக் காட்டியதும் அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது ஒரு கள்ளனை. அவரேதான் என்றால் எதற்காக என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அது நிரோஜினிக்கும் விளங்கவில்லை. காப்புறுதிப் பணத்துக்காகப் பொருளை ஒளிப்பவர்களை அவள் அறிவாள். ஒரு சதமும் கேட்காமல், தன் பெருமையெல்லாம் கொட்டி வைத்த பொருளை ஒருவர் தானே கொண்டுபோய் ஏன் எறிய வேண்டும்?

ஊருக்கு வெளியே கழிவு வளவில் மேற்குக் காற்று அட்டைப் பெட்டிகளைத் துரத்திக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் அங்கி போட்ட காவலாளி, தேவாலயக் கதவளவு ஆள், கொள்கலன்களுக்கு நடுவே நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். சூட் போட்ட தமிழர் ஒருவர் பழைய படத்தோடு வந்தாரா என்று நிரோஜினி டேனிஷில் கேட்டாள். காவலாளி முகம் மலர்ந்தார். நீலக் கையுறைக்காரர்தானே, என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தாராம். பல் வைத்தியர்கள் போடுகிற மெல்லிய நீலக் கையுறையோடு. கண்ணாடியைத் தட்டைக் கண்ணாடிக்குள் சரியாகப் போட்டாராம். சட்டத்தை மரத்துக்குள் போடப் போனாராம். பிறகு படத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, இந்தப் பெண் கடதாசியா, மிச்சக் கழிவா என்று கேட்டாராம். காவலாளி பார்த்தார். நல்ல படம், நல்ல சட்டம். பாவிக்கக்கூடிய பொருளை அழிக்க இங்கே அனுமதியில்லை என்று அறிவித்து, இரண்டையும் திரும்பப் பொருத்தி, மறுபாவனைக் கொட்டகையில் வைக்கும்படி உத்தரவிட்டார். அந்த மனிதர் வேண்டா வெறுப்பாக வைத்துவிட்டுத்தான் போனார்.

"ராணியைக் கொல்லக் கொண்டுவந்தவருக்கு அனுமதி கிடைக்கேல்லை," என்றான் கிருஷாந்த்.

நிரோஜினி வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை. புஷ்பராணி அந்த வீட்டுக்குப் போனது சனிக்கிழமை. அவள் வாளியோடு உள்ளே நுழைந்தபோதே சுவரில் ஆணிதான் இருந்திருக்கிறது. கவனிக்கவில்லையா என்று கேட்டதற்கு, தான் போவது தரையைப் பார்க்க என்றாள் புஷ்பராணி.

கொட்டகைப் பொருட்கள், ஓய்வூதியர்கள் சம்பளமில்லாமல் நடத்தும் ஒரு பழம்பொருட்கடைக்குப் போவதாகக் காவலாளி சொல்லியிருந்தார். நகரத்தின் நடுவில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் அது இருந்தது. பீங்கான் நாய் ஒன்றுக்கும், யாருக்கும் வேண்டாத பாற்கட்டி உருக்கும் சட்டி ஒன்றுக்கும் நடுவில், கண்ணாடியில்லாத சட்டத்துக்குள் ராணி கத்தியை ஓங்கியபடி நின்றாள். விற்பனைக்கு வந்த ராணியின் விலை, கிருஷாந்த் மத்தியானம் சாப்பிடும் பீட்சாவை விடக் குறைவு.

கடையில் மொபைல்பே மட்டும்தான் எடுப்பார்களாம். நிரோஜினியின் கைபேசி காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கிருஷாந்தின் கணக்கில் மாதக் கடைசியில் இருப்பது அவனுடைய நம்பிக்கை மட்டும். புஷ்பராணி தன் கைபேசியை எடுத்துப் பணத்தை அனுப்பினாள். பை வேண்டுமா என்று கடைக்காரக் கிழவி அன்போடு கேட்டாள். வேண்டாம் என்றாள் புஷ்பராணி.

"உந்தச் சனியனாலதான் நான் கள்ளியானனான்," என்றாள் வெளியே வந்து. "இப்ப காசும் குடுத்து வாங்கியிருக்கிறன்."

அடுத்த நாள் மூவரும் ரண்டர்ஸுக்குப் போனார்கள். பிர்கிட்டே நரைத்த குட்டைத் தலைமயிரும் மை படிந்த விரல்களுமாக, ஜன்னல் நிறைந்த ஒரு பட்டறையில் இருந்தாள். படத்தை ஒளி மேசையில் கிடத்தி, பூதக்கண்ணாடியால் ராணியின் பாதத்திலிருந்து மேலே மேலே போனாள். வைத்தியரைப் பற்றிக் கேட்டபோது, அவர் தனக்கு வியாழக்கிழமை மாலை தொலைபேசி எடுத்ததாகச் சொன்னாள். போலிப் படத்தை நிபுணர்கள் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிப்பார்கள் என்று, ஒரு நண்பருக்காகக் கேட்டாராம். தான் விளையாட்டாக, ஒரு நொடியில் என்று சொன்னாளாம். சனிக்கிழமை இரவு, ஒரு திருட்டு நடந்துவிட்டதாகச் சொல்லித் தேநீர் விருந்தை மாற்றப் பார்த்தாராம். வந்தவர்களுக்கு ஆணியாவது கிடைத்ததே என்று சிரித்தாள்.

நிரோஜினி கேட்டாள்: இது போலியா?

பிர்கிட்டே பதிலுக்கு மேசையிலிருந்த ஒரு றப்பர் முத்திரையை எடுத்து, எதையோ காட்டி விளக்கினாள். கிருஷாந்த் முதலில் விழித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டான். நிரோஜினி அந்த முத்திரையை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிக்கொண்டாள். புஷ்பராணி படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, தானும் அந்த வீட்டுக்குள் வருவதாகச் சொன்னாள்.

அன்று பின்னேரம் வைத்தியர் கதவைத் திறந்தார். புஷ்பராணியின் கையில் சட்டத்தின் ஓரம் தெரிந்ததும் ஒரு கணம் வெளிறிப்போனார். ஆனால் ஒரு கணம்தான். அதற்குள் அவருக்கு வழி ஒன்று தெரிந்துவிட்டது.

"பாத்தியளே," என்றார் நிரோஜினியைப் பார்த்து. "நான் சொன்னனான்தானே. இவவிட்டத்தான் இருந்திருக்கு."

பிறகு புஷ்பராணியின் பக்கம் திரும்பி, தன் குரலில் கருணையைக் கலந்தார். "திருப்பிக் கொண்டுவந்திட்டீர். நல்லது. நான் இதைப் பெரிசாக்க மாட்டன்."

நிரோஜினி சுருட்டிய கம்பியை எடுத்துத் தேநீர் மேசையில் வைத்தாள். அதை எந்தத் தொட்டியில் எடுத்தது என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை என்றாள். நீலக் கையுறை என்றாள். மறுபாவனைக் கொட்டகை என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வைத்தியர் சோபாவில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆருக்கோ அவசரமாப் பல்லுப் புடுங்க வேணுமெண்டல்லே போனனீங்கள்," என்றாள் தங்கமலர். அவள் கையில் இருந்த ரோல்ஸ் தட்டு இன்றைக்கு மேசைக்கு வரவில்லை.

வைத்தியர் கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றுப்போன பிரபு ஒருவர் வாளைக் கையளிக்கும் பாவனையில் உண்மையைச் சொன்னார். படம் போலியாம். வியாழக்கிழமை விருந்துக்கு ஆயத்தமாக இணையத்தில் தேடியபோது, அதே ஓவியர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கண்டாராம். அதே ராணி, அதே திரைச்சீலை. ஆனால் அதில் கத்தி வலக்கையில். தன்னுடையதில் இடக்கையில். கிரீடமும் மறுபக்கத்தில். கையைக்கூட ஒழுங்காகப் பார்த்து வரையத் தெரியாத ஒரு மோசடிக்காரன் தன்னை ஏமாற்றிவிட்டான். பிர்கிட்டே ஒரு நொடியில் கண்டுபிடிப்பாள், விபோர்க் முழுக்கச் சிரிக்கும்.

"வீடு உடைச்சுக் களவெண்டு சொல்லியிருக்கலாமே," என்றாள் நிரோஜினி.

அவர் மேசையிலிருந்த கம்பியைத் தள்ளி வைத்தார்.

"சொல்லேலாது. வீடு உடைச்சதெண்டா உடைச்ச கதவு வேணும், பொலிஸ் வரும். புஷ்பராணியக்கா எண்டா உங்கட வாய் மட்டும் காணும்."

புஷ்பராணி அப்போதுதான் முதல் தடவையாகச் சோபாவில் உட்கார்ந்தாள். அந்தச் சோபாவை அவள் எத்தனையோ தரம் தூசி தட்டியிருக்கிறாள். உட்கார்ந்தது இல்லை.

நிரோஜினி கைப்பையிலிருந்து றப்பர் முத்திரையையும் ஒரு மைத்தட்டையும் எடுத்தாள். அதில் ஒரு சேவல் செதுக்கப்பட்டிருந்தது. சேவல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வைத்தியரைக் கேட்டாள். வலப்பக்கம் என்றார் எரிச்சலோடு. முத்திரையை மைத்தட்டில் ஒற்றி, மேசையில் கிடந்த கடதாசித் துவாலையில் குத்தினாள். துவாலையில் சேவல் இடப்பக்கம் பார்த்தது.

"கல்லச்சும் இதுதான், டொக்டர். ஓவியர் தன்ர படத்தைப் பாத்து அப்பிடியே கல்லில வரைஞ்சிருக்கிறார், வலக்கையில கத்தியோட. கல்லிலயிருந்து தாளுக்கு வரேக்க கை மாறிப்போச்சு. மாத்தி வரைய அவருக்குப் பஞ்சி. கையெழுத்தை மட்டும் கவனமாத் திருப்பி எழுதிப்போட்டு விட்டிட்டார். நீங்கள் இணையத்தில கண்ட ஓவியத்தை மெசினில படம் பிடிச்சு அடிச்ச போலியெண்டாத்தான் கத்தி வலக்கையில இருந்திருக்கும்."

வைத்தியருக்குப் புரிவதற்குச் சற்று நேரம் எடுத்தது. கிருஷாந்த் உதவி செய்தான்.

"சுருக்கமாச் சொன்னா, அசலைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டிட்டியள். தரம் பிரிச்சு."

பிர்கிட்டே எழுதித் தந்த குறிப்பை நிரோஜினி நீட்டினாள். நல்ல ஆரம்பகாலப் பிரதி, தாளும் மையும் அந்தக் காலத்தவை என்று அதில் இருந்தது. அவர் அதை வாசித்தார். மூக்கால் வரும் பிரெஞ்சு எங்கேயோ போயிருந்தது. படத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

புஷ்பராணி படத்தை மடியிலிருந்து விடவில்லை. பழம்பொருட்கடையில் பணம் அனுப்பிய பதிவைக் கைபேசியில் காட்டினாள். எறிந்தவர் அவர், விற்றவர்கள் கடைக்காரர்கள், வாங்கியவள் அவள். வைத்தியர் நிரோஜினியைப் பார்த்தார். நிரோஜினி, தான் காப்புறுதிக்காரியாக இருந்த காலத்திலும் இவ்வளவு ஒழுங்கான உரிமையைக் கண்டதில்லை என்றாள்.

"புஷ்பராணி, நீங்கள்," என்று தொடங்கினார் வைத்தியர். இவ்வளவு நாளும் அவளைச் சொன்ன 'நீர்' எங்கே போனது என்று கிருஷாந்த் சோபாவுக்கு அடியில் குனிந்து தேடினான்.

கேட்கிற விலை தருவதாகச் சொன்னார். விலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றாள் புஷ்பராணி.

"முதல்ல என்ர லீடருக்கு எடுங்கோ. ஸ்பீக்கரில போடுங்கோ."

அவர் மனைவியைப் பார்த்தார். தங்கமலர் அவருடைய கைபேசியை எடுத்து வந்து கையில் வைத்தாள்.

லீடர் உடனே எடுத்தார். வைத்தியர் தன் மிகச் சிறந்த டேனிஷில், படம் கிடைத்துவிட்டது, புஷ்பராணி எடுக்கவில்லை, நடந்ததற்கு வருந்துகிறேன் என்றார். அதோடு முடிக்கப் பார்த்தார். லீடர் விடவில்லை. மகிழ்ச்சி, சாவிகளை நாளைக்கே கொடுத்துவிடுகிறேன், ஆனால் படம் எங்கே இருந்தது என்று கேட்டார். வைத்தியர் தொண்டையைச் செருமினார். தானே கழிவு வளவுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். ஏன் என்றார் லீடர். கத்தி பிழையான கையில் இருந்தது என்றார் வைத்தியர்.

மறுமுனையில் குரல் மாறியது. மெதுவாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. வயோதிபர்களோடு மட்டும் பேசுவதற்கென்று வைத்திருக்கும் குரல். புஷ்பராணிக்கு அது நன்றாகத் தெரியும். அவளும் தினமும் அந்தக் குரலில்தான் பேசுகிறாள்.

வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள் என்று லீடர் கேட்டார். இப்படி வேறு பொருட்களையும் எறிந்துவிட்டு, மற்றவர்கள் எடுத்ததாக நினைத்ததுண்டா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பலருக்கு வருவதுதான். ஆரம்பத்திலேயே யாராவது வந்து பார்த்துக்கொண்டால் நல்லது. உங்கள் மொழி தெரிந்த, பொறுமையான ஒருவர் எங்களிடம் இருக்கிறார், நீங்கள் அவரை அறிவீர்கள்: புஷ்பராணி. செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பட்டுமா?

கிருஷாந்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி தோள் குலுங்க நின்றான்.

வைத்தியர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

புஷ்பராணி எழுந்து, கைபேசியின் மேல் குனிந்து, செவ்வாய்க்கிழமை தனக்கு வசதிப்படாது, அந்த ஆளுக்கு வேறு யாரையாவது பாருங்கள் என்று டேனிஷில் மரியாதையாகச் சொன்னாள். பிறகு ராணியைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, கிருஷாந்தைக் காரை எடுக்கச் சொன்னாள்.